கதவின் முதுகில் ஒன்பது

அந்தக் கல்லூரியின் கால்பந்து அணிக்குச் சரித்திரம் என்று ஒன்று உண்டென்றால் அது ஒரே வரிதான். அலுவலகத்துக்குப் போகும் நடையில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே, ஒரு பலகை மாட்டியிருக்கும். 'சாம்பியன் பட்டங்கள்' என்று தலைப்பில் கொட்டை எழுத்து. பலகை செய்த தச்சர் தாராள மனசுக்காரர். இருபது வரிக்கு இடம் விட்டுக் கோடு கிழித்துக் கொடுத்திருந்தார். முதல் கோட்டின் மேல் தங்க வண்ணத்தில் ஓர் ஆண்டு, ஒன்றுக்குப் பூஜ்யம் என்ற முடிவு, கோல் போட்டவர் எண் ஒன்பது என்று சொல்லி ஒரு பெயர். மீதிப் பத்தொன்பது கோடுகளும் கிழித்தது கிழித்தபடி கிடக்கின்றன. அதற்கு முன்னும் பின்னுமாக ஐந்து தடவை இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றிருக்கிறார்கள். தோற்றதைப் பலகையில் எழுதுகிற வழக்கம் இல்லை.

இருக்கிற அந்த ஒரு வரியும் தப்பு என்பதுதான் தையலக்கா வீட்டில் இருபத்திரண்டு வருடமாக நடக்கிற வழக்கு.

வழக்காடுகிறவர் அவள் புருஷன். பஸ் டிப்போவில் பிரேக் வேலை பார்க்கிறவர். கல்லூரி நாளில் தடுப்பாட்டக்காரர். அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக முடியாது என்பதால் 'கதவு' என்று பேர் விழுந்தது, விழுந்தது ஒட்டிக்கொண்டது. டிப்போவில் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்துக்குள் கதவு அவனை ஏதாவது ஒரு பஸ்ஸுக்கு அடியில் மடக்கி அந்தக் கதையைச் சொல்லிவிடுவார். சக்கரத்தைக் கழற்றும்போது ஆரம்பித்தால் மாட்டும்போது முடியும்.

கதை இதுதான். இறுதி ஆட்டம், ஏழாவது நிமிஷம், மூலை உதை. பின்னாலிருந்து ஓடிவந்த கதவு தலையால் முட்டிப் பந்தை உள்ளே தள்ளினார். அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. மீதி நேரமெல்லாம் சேற்றில் உருண்டு அந்த ஒரு கோலைக் காப்பாற்றினார்கள். கதவின் எண் ஆறு. ஆனால் அன்றைக்கு அவர் முதுகில் தைத்திருந்தது ஒன்பது. ஒன்பது நெட்டையின் எண். நெட்டை யார் என்றால் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த விசில் மாஸ்டரின் அக்கா மகன். நடுவர் தான் பார்த்த ஒன்பதைக் குறித்துக்கொண்டார். ஆட்டக்காரர் பட்டியலில் ஒன்பதுக்கு நேரே நெட்டையின் பெயர் இருந்தது. அதுவே பலகைக்கு ஏறிவிட்டது.

"நம்பரை மாத்தித் தைக்கச் சொன்னதே அந்த விசில்தான். அக்கா மகன் பேரு பலகையில வரணும்னு முன்கூட்டியே போட்ட திட்டம்" என்று முடிப்பார்.

ஒருநாள் மகள் கேட்டாள். "அப்பா, கோல் போடப்போறது நீங்கதான்னு அவருக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்?"

"தெரியும். நான் எப்படியும் போடுவேன்னு அந்த ஆளுக்குத் தெரியும்."

"கல்லூரியில இருந்த மூணு வருஷத்துல நீங்க போட்டதே அந்த ஒரு கோல்தானேப்பா?"

"வாய மூடிக்கிட்டு சாப்பிடு. என் பேச்சை நம்ப வேணாம். இதோ உட்கார்ந்திருக்காளே உங்கம்மா, அவதானே சாட்சி. அவ கையாலதானே தைச்சா? கேட்டுப் பாரு."

அந்த இடம் வரும்போதெல்லாம் தையலக்காவுக்கு அடுப்படியில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

சாட்சி. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பு அவள் தைத்த தப்பு.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரிக்கு எதிரே இருந்த தையல் கடையில் மூன்றாவது மிஷின் அவளுடையது. அரையிறுதி ஆட்டத்தில் இழுத்த இழுப்பில் இரண்டு சட்டைகளின் எண்கள் கிழிந்துபோய், இறுதி ஆட்டத்தன்று காலையில் கல்லூரிக் காவலாளி அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். இது ஆறு, இது ஒன்பது என்று சீட்டுக் குத்தியிருந்தது. பஸ் கிளம்பிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம், சீக்கிரம். ஆறுக்கும் ஒன்பதுக்கும் கடையில் ஒரே அட்டைதான் அச்சு. நிமிர்த்தினால் அது, கவிழ்த்தால் இது. முதுகில் எண் வைத்துத் தைக்கும்போது சட்டையின் கழுத்து தைக்கிறவள் வயிற்றுப் பக்கம் இருக்கும், மற்றதெல்லாம் மிஷினுக்கு அந்தப் பக்கம் விரிந்து கிடக்கும். அப்படி வைத்தால்தான் துணி சுருங்காது. அதனால் எந்த எண்ணையும் தலைகீழாகத்தான் வைக்க வேண்டும். நான்கையோ ஏழையோ மாற்றி வைத்தால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். அவசரத்தில் அவள் ஆறைத் தன் கண்ணுக்கு ஆறாகத் தெரியும்படி வைத்து ஓட்டினாள். ஒன்பதையும் அப்படியே. போட்டுக்கொண்டவர்கள் முதுகில் அவை இடம் மாறிப் போயின.

சாயங்காலம் கோப்பையோடு லாரி தெருவில் போனபோதுதான் பார்த்தாள். லாரியின் மேல் எல்லோருக்கும் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தவன் போட்டிருந்தது ஆறு என்று சீட்டுக் குத்தி வந்த, அக்குளில் ஒட்டுப் போட்ட சட்டை. அவன் முதுகில், சேறு காய்ந்து உதிர்ந்த இடத்தில், ஒன்பது. கடைக்கார அண்ணன் கண்ணில் அது படவில்லை. ஒரு பட்டன் காஜா கோணியதற்காக ஒரு பெண்ணையும், கை நீளம் குறைந்ததற்காக இன்னொருத்தியையும் அந்த வருஷம்தான் அவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

மூன்று வாரம் கழித்துப் பலகை மாட்டினார்கள். மறுநாளே அந்தச் சட்டையோடு கதவு கடைக்கு வந்தார். மேஜையில் சட்டையை அறைந்தார். "இதுல ஒன்பது தைக்கச் சொன்னது யாரு?"

பக்கத்திலேயே கடைக்கார அண்ணன், கையில் கத்தரி.

"மாஸ்டர் சொல்லி அனுப்பினபடிதான் தைச்சேன்" என்றாள்.

அந்த மூன்றாவது மிஷினும் ஸ்டூலும் கையை விட்டுப் போகக் கூடாது என்று சொன்ன ஒரு வாய்ப் பொய். சொல்லி முடித்ததும் மறந்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் மறுவாரம் கதவு இன்னும் விவரம் கேட்க வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். காவலாளி என்ன சொன்னார், எத்தனை மணிக்கு வந்தார், மாஸ்டர் சீட்டு எழுதினாரா வாயால் சொன்னாரா. ஐந்தாவது வாரம் சட்டையைப் பற்றிக் கேட்க எதுவும் மீதி இல்லை, ஆனாலும் வந்தார். அப்புறம் நடந்தது எல்லோருக்கும் நடக்கிறதுதான். கல்யாணமாகி, கல்லூரியில் மைதான உதவியாளர் வேலைக்கு மாஸ்டர் சொல்லி அனுப்பியபோது, "அந்த ஆள் கையால தண்ணிகூட வாங்க மாட்டேன்" என்று கதவு டிப்போவுக்குப் போனார். வெயிலிலும் காற்றிலும் பந்தோடு இருந்திருக்க வேண்டிய மனிதர் இருபது வருடமாகப் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார். அதை நினைக்கிற நாட்களில் தையலக்காவுக்கு ஊசிக் கண்ணில் நூல் கோக்க முடியாது.

இந்த வருடம் அந்தக் கணக்கு மகள் உருவத்தில் வந்து நின்றது.

மகளும் பந்து ஆடுகிறவள். பள்ளிக்கூடத்தில் அவளை 'ஜன்னல்' என்பார்கள். கதவின் பெண் வேறு என்னவாக இருப்பாள். பெண்கள் அணி ஆரம்பித்து மூன்று வருடமான அந்தக் கல்லூரியிலிருந்து விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருவதாகப் படிவம் வந்துவிட்டது. தகப்பன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. புதன்கிழமை கடைசி நாள். கதவு படிவத்தின் அடியில் இருந்த விசில் மாஸ்டரின் பெயரைப் பார்த்தார், மடித்தார், ரேடியோவுக்கு அடியில் செருகினார். அவ்வளவுதான்.

"வேற எத்தனையோ கல்லூரி இருக்கு" என்றார்.

"பொண்ணுங்களுக்கு டீம் இருக்கிறது அது ஒண்ணுதான்ப்பா."

"அப்ப ஆடாத."

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரே வீடு தேடி வந்தார்.

நான்காவது நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடச் சீருடைத் தையல் நாற்பது உருப்படி முன்னறையில் கொடி கட்டித் தொங்கியது. நனைந்த துணி வாடையும் இஸ்திரிப் பெட்டியின் சூடும் சேர்ந்து மூச்சு முட்டியது. தையலக்கா காலரை மடித்து ஓட்டிக்கொண்டிருந்தாள். கதவு லீவு நாளில் தரையில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். வாசலில் குடை மடக்குகிற சத்தம் கேட்டது.

"கதவு திறந்திருக்கா, சாத்தியிருக்கா?" என்று ஒரு குரல்.

முப்பது வருடம் மைதானத்தில் கத்திக் கரகரத்துப்போன குரல். கதவின் கையிலிருந்த ரொட்டி டீக்குள் முறிந்து விழுந்தது. மகள் உள்ளறையிலிருந்து ஓடிவந்து நாற்காலியில் கிடந்த சீருடைகளை வாரி எடுத்தாள்.

மாஸ்டர் தலை நரைத்து, முழங்கால் வளைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்துவந்தார். கழுத்தில் மட்டும் விசில் கயிறு அப்படியே இருந்தது. உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்.

"இந்த மாசத்தோட எனக்கு ஓய்வு. போறதுக்கு முன்னால நம்ம டீம் வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாப் போடச் சொல்றாங்க. எழுத உட்கார்ந்தா ரெண்டு பக்கத்துக்கு மேல வரல. ஜெயிச்சது ஒரு தடவை. அதை எத்தனை பக்கம் இழுக்கிறது?"

மாஸ்டர் விசில் கயிற்றைச் சரிசெய்துகொண்டார்.

"பலகைக்குக் கீழ ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கப் போறோம். அன்னிக்குப் போட்ட சட்டை பதினொண்ணுல பத்தும் தரை துடைக்கப் போயிடுச்சு. உன்கிட்ட ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டேன். அதைக் கேட்டு வந்தேன். அப்படியே இந்தப் பொண்ணு படிவம் ஏன் இன்னும் வரலைன்னும் கேட்டுட்டுப் போகலாம்னு. இவ காலு நல்ல காலு, கதவு. அதை வீட்ல பூட்டி வைக்காத."

கதவு எழுந்து நின்றார். இருபத்திரண்டு வருடமாக ஒத்திகை பார்த்த பேச்சு. ஆனால் வெளியே வந்தபோது தடுமாறித்தான் வந்தது.

"சட்டையா? சட்டை என்கிட்டதான் இருக்கு. பெட்டியில வைக்கத் தர்றதுக்கில்ல, உங்க மூஞ்சிக்கு முன்னால விரிக்கிறதுக்கு. என் கோலைத் தூக்கி உங்க அக்கா மகனுக்குக் கொடுத்தீங்களே, அது எப்படின்னு உங்க வாயாலயே சொல்லுங்க. நம்பரை மாத்தித் தைக்கச் சொன்னீங்களா இல்லையா?"

"நானா?" மாஸ்டர் நிஜமாகவே விழித்தார். "சட்டையைக் காவலாளிகிட்ட கொடுத்துத் தைச்சு வாங்கிட்டு வான்னேன். எந்தக் கடைன்னுகூட எனக்குத் தெரியாதேப்பா."

"பொய். ஏய், நீ சொல்லு. அன்னிக்கு என்கிட்ட சொன்னதை இவர் முன்னால சொல்லு. பயப்படாத, சொல்லு."

மிஷின் நின்றிருந்தது. கணவன் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்க்கத்தான் தையலக்காவால் முடியவில்லை. கடிவாளம் இல்லாத குதிரையைப் போல இத்தனை வருஷம் ஓடிய ஒரு பொய், இதற்கு மேல் ஓடினால் மகளின் மேல் ஏறிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அவர் எதுவும் சொல்லலைங்க" என்றாள். "நான்தான் மாத்தித் தைச்சுட்டேன்."

"என்ன?"

"அவசரத்துல தலைகீழா வைக்க மறந்துட்டேன். நேரா வச்சுத் தைச்சுட்டேன். ரெண்டையுமே. கடைக்காரர் பக்கத்துலயே நின்னாரு, சொன்னா வேலை போயிடும். மாஸ்டர் சொன்னாருன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

பேசப் பேச அவள் கை தானாக ஒரு துண்டுத் துணியை எடுத்து ஆறு வடிவத்தில் வெட்டிவிட்டது. ஒரு சீருடையை மிஷினில் போட்டு, கழுத்தைத் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் துணியைத் தன் கண்ணுக்கு ஆறாகத் தெரியும்படி வைத்துக் குண்டூசி குத்தினாள். பிறகு சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். ஒன்பது.

கதவு அந்த ஒன்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். அடி வாங்கினவன் வலி வருவதற்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது அவர் நிலை.

மாஸ்டர்தான் பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"ஒரு தப்பும் இல்லைன்னு சொல்லாதம்மா. முட்டினது இவன்தான்னு என் ரெண்டு கண்ணால பார்த்தவன் நான். அப்புறம் ஏன் சும்மா இருந்தேன்னு இவன் ஒரு தடவை ஒழுங்கா வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். தோத்த கல்லூரிக்காரன் மறுநாளே புகார் எழுதிக் கொடுத்துட்டான். பட்டியல்ல ஒரு நம்பர், முதுகுல ஒரு நம்பர், ஆட்டமே செல்லாதுன்னு. விதியில அப்படித்தான் இருக்கு. என்னைக் கூப்பிட்டு உட்கார வச்சுக் கேட்டாங்க. நம்பர் மாறவே இல்ல, ஒன்பதுல ஆடினது நெட்டைதான், கோல் போட்டதும் அவன்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படி எழுதலேன்னா கோப்பை போயிருக்கும். நெட்டை வந்து சண்டை போட்டான், மாமா அது என் கோல் இல்லன்னு. அவன் வாயையும் அடைச்சேன். உன்கிட்ட சொல்லலாம்னா, உனக்கு வாயா அது? ஊர் பூராக் கத்தியிருப்ப."

"இப்பப் பலகையை மாத்துங்க" என்றார் கதவு. குரலே இல்லை.

"எதை வச்சு? என் கையெழுத்தை நானே பொய்னு சொல்லணும். சொல்றேன், எனக்கென்ன, போற வயசு. ஆனா சொன்னா கோல் உனக்கு வரும், பட்டம் போயிடும். பலகையில இருக்கிறதே அந்த ஒரு வரிதான். அதை அழிச்சுட்டு அங்க என்ன எழுதுறது, சொல்லு?"

கதவு செருப்பை மாட்டிக்கொண்டு குடையில்லாமல் மழையில் இறங்கிப் போனார். லீவு நாளில் அவர் டிப்போவுக்குத்தான் போனார் என்பது பிறகு தெரிந்தது.

மகள் வாசலில் நின்று அப்பா போவதைப் பார்த்தாள். மாஸ்டரும் போன பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"இத்தனை வருஷமாவாம்மா? ஒரு நாள்கூடவா சொல்லத் தோணல?"

"தினமும் தோணுச்சு."

"தோணி? நேத்து வரைக்கும் அப்பா மாஸ்டர் மேல கோவத்துல இருந்தாரு, அழுது புரண்டாவது கையெழுத்து வாங்கலாம்னு இருந்தேன். இப்ப யாரைப் பிடிச்சு என்னன்னு கேட்கிறது?"

அவள் சொன்னது நியாயம். முன்பு கையெழுத்துப் போடாததற்கு ஒரு காரணமாவது இருந்தது. இப்போது காரணமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கிவிடும் என்று ஊரில் சொல்கிறவர்கள் யாரும் அதைச் சொல்லிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. தையலக்காவுக்குப் பாரம் இரண்டு மடங்கானதுதான் மிச்சம்.

திங்கட்கிழமை சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. அவருக்குப் பிடித்த அவித்த முட்டை இரண்டும் உரித்தது உரித்தபடி இருந்தன. பக்கத்துத் தெருவில் இருந்த டிப்போ கண்டக்டர் ஒருவர் சீருடை வாங்க வந்தபோது, "என்னக்கா, கதவண்ணனுக்கு உடம்பு சரியில்லையா? புதுசா சேர்ந்த பசங்க கோல் கதை கேட்டதுக்கு, கோலும் இல்ல கீலும் இல்ல, ஸ்பேனரை எடுன்னுட்டாரு" என்றார். ஆயிரம் தடவை கேட்டுப் புளித்த கதை, இப்போது அதைக் கேட்க மாட்டோமா என்று தையலக்காவுக்கு இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் வாயைத் திறந்தார். மழை தூறலாகியிருந்தது. அவள் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரைத் திட்டுறது நான் இப்ப?"

"என்னைத் திட்டுங்க."

"உன்னைத் திட்டி எனக்கு என்ன பழக்கம் இருக்கு? இருபத்திரண்டு வருஷமா அந்த ஆளைத் திட்டிப் பழகின வாய். காலையில எந்திரிச்சா ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை. அவர் கொடுத்த வேலையை வேணாம்னேன். மைதானத்துப் பக்கமே தலைவச்சுப் படுக்கல. எல்லாம் நீ சொன்ன ஒரு பேச்சை நம்பி."

"தெரியும்."

"என்ன தெரியும்? ஊர்ல ஒருத்தன் விடாம, என் பொண்டாட்டி சாட்சி, என் பொண்டாட்டி சாட்சின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே, அப்பல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சியா?"

"சிரிக்கிற மாதிரியா இருந்துச்சு என் பொழைப்பு?" அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. ஊசியைக் கீழே வைத்தாள். "நீங்க அந்தக் கதையை ஆரம்பிக்கும்போதெல்லாம் அடுப்படிக்கு ஓடுவேனே, எத்தனை தடவைதான் ஒரே பாத்திரத்தைக் கழுவுறதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கதவு சண்டையில்லாத குரலில் கேட்டார்.

"ரெண்டாவது வாரம் நான் கடைக்கு வந்தேனே. அன்னிக்குக் கடைக்காரர்கூட இல்ல. அன்னிக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

"அப்புறம்?"

"சொல்லியிருந்தா மூணாவது வாரம் நீங்க வந்திருக்க மாட்டீங்க."

கதவு அவளைப் பார்த்தார். அவள் காஜா ஊசியை எடுத்து நூலைக் கோக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் கையை நீட்டி வாங்கினார். பிரேக் கிரீஸ் ஏறிக் கறுத்த விரல்கள். அவராலும் முடியவில்லை. ஊசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

புதன்கிழமை காலை மழை விட்டிருந்தது. மகள் தலை வாரி, பையை மாட்டி, எங்கேயும் போக வழியில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கதவு டிப்போ உடுப்பில் இருந்தார். உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. நாலாக மடித்த நீலச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து மிஷின்மேல் வைத்தார். அக்குளில் ஒட்டு; முதுகில் வெள்ளை ஒன்பது பழுத்து மஞ்சளாகியிருந்தது.

"பிரி."

"என்னங்க?"

"நம்பரைப் பிரி. பிரிச்சு ஆறு தை. அந்தப் பெட்டியில வைக்கட்டும்."

மகள் எழுந்து வந்துவிட்டாள். "அப்பா, ஒன்பதா இருந்தாத்தானே உங்ககிட்ட இருக்கிற ஒரே ஆதாரம்? ஆறுன்னு தைச்சுட்டா சும்மா ஒரு தடுப்பாட்டக்காரர் சட்டை. கோல் போட்டது நீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"ஒன்பதை அப்படியே கொண்டுபோய்ப் பெட்டியில வச்சா, விவரம் தெரிஞ்சவன் எவனாவது, கதவு சட்டையில ஒன்பது எப்படி வந்துச்சுன்னு கேப்பான். கேட்டா பட்டம் போயிடும். நீ போய் ஆடப்போற இடம் அது. ஒரு வரியாவது இருக்க வேணாமா பலகையில?" அவர் மனைவி பக்கம் திரும்பினார். "எனக்கு எட்டு மணி டியூட்டி."

தையலக்கா பிளேடை எடுத்தாள். தான் போட்ட தையலை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவசரத்தில் ஓட்டிய, நீள நீளமான, பயந்த தையல். ஒவ்வொன்றாக அறுத்து நூலைப் பிடுங்கினாள். எண் கழன்று கையோடு வந்தது. அதற்கு அடியில் இருந்த துணி வெளிறவே இல்லை. சட்டை முழுவதும் வெளுத்துச் சாம்பல் நீலமாகிக் கிடக்க, அந்த இடம் மட்டும் கடையிலிருந்து வந்த அன்றைய நீலத்தில், ஒன்பது வடிவத்தில், அப்படியே இருந்தது.

கழுத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். ஆறைத் தலைகீழாக வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை.

"எதிர்ல நின்னு பாருங்க. சரியா இருக்கா?"

மிஷினுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். "ஆறுதான்."

"நல்லாப் பாருங்க."

"ஆறுதான்டி. ஓட்டு."

ஓட்டினாள். சிறிய தையலாக, ஒரு முறைக்கு இரண்டு முறை. முடித்துத் தூக்கிப் பிடித்தபோது மூன்று பேருக்கும் தெரிந்தது. வெள்ளை ஆறின் ஓரங்களில், மேலே ஒரு பக்கமும் கீழே ஒரு பக்கமுமாக, அந்தப் புது நீலம் பிதுங்கிக்கொண்டு நின்றது. ஆறுக்குப் பின்னால் ஒன்பது ஒளிந்திருப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"கொஞ்சம் பெரிய துணியா வெட்டி வச்சா மறைஞ்சிடும்" என்றாள் தையலக்கா. "மறுபடி பிரிக்கட்டுமா?"

கதவு சட்டையை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்து மகள் கையில் கொடுத்தார்.

"வேணாம். இருக்கட்டும். பார்க்கத் தெரிஞ்சவன் பார்த்துக்கட்டும்."

ரேடியோவுக்கு அடியிலிருந்து படிவத்தை உருவினார். மிஷின் பலகையில் வைத்து, நூல் குப்பையை ஊதித் தள்ளிவிட்டு, பேனா கேட்டார்.